மூன்று வருட ஜிஞ்சர் பியர்: எந்தப் பழம் நின்றது, எது போனது

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக் குசினியில் இஞ்சியைப் புளிக்க வைத்து ஜிஞ்சர் பியர் செய்யத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. முதலில் வெறும் இஞ்சி, சீனி, தேசிக்காய். பிறகு சந்தையில் கண்ட பழத்தையெல்லாம் போட்டுப் பார்த்தேன்.

பார்லி வாங்கி உண்மையான பியரே காய்ச்சலாமே என்று அத்தான் கேட்டார். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் அதைச் செய்வது இங்கே கலால் சட்டப்படி குற்றம். அதனால் ஓரிரு நாளில் பிரிட்ஜுக்குப் போகும் இந்தப் பானத்தோடு நிற்கிறேன். இதிலும் கொஞ்சம் மதுசாரம் ஊறத்தான் செய்யும். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை.

தோல் சீவாத இஞ்சியைத் துருவி, தினமும் ஒரு கரண்டி இஞ்சியும் ஒரு கரண்டி சீனியுமாகத் தண்ணீரில் சேர்த்து வந்தால் இயற்கை ஈஸ்ட் பெருகி நுரை கட்டும். எங்கள் வெக்கைக்கு மூன்று நாள் போதும். குழாய்த் தண்ணீரென்றால் கொதிக்க வைத்து ஆற்றியபின் ஊற்றுங்கள். குளோரின் ஈஸ்டைக் கெடுக்கும்.

பழத்தை எப்போது போடுவது என்பதில்தான் ஒரு வருடம் தவறு செய்தேன். ஆரம்பத்திலேயே போட்டேன். நுரைத்துக் கிளம்பும் வாயு பழத்தின் வாசனையையும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. வெளிநாட்டில் வீட்டில் பியர் செய்பவர்கள் முதல் நொதிப்பு அடங்கிய பிறகே பழம் சேர்ப்பார்கள் என்று வாசித்த பின் நானும் அப்படி மாற்றினேன். வித்தியாசம் முதல் மிடறிலேயே தெரிந்தது.

மாம்பழத்தில்தான் பெரிய ஏமாற்றம். நன்றாகப் பழுத்த கறுத்தக்கொழும்பான் இரண்டைக் கரைத்து ஊற்றினேன்; மூன்றாம் நாள் மஞ்சள் நிறம் மட்டும் மிஞ்சியது. பாலைப்பழமும் அப்படியே. ஆனி மாதத்தில் ஆசையாக வாங்கிக் கொட்டினேன், இனிப்பெல்லாம் போய் ஒரு கசர் நின்றது. அந்தப் பழத்தைப் பழமாகவே சாப்பிடுங்கள். ஈஸ்ட் தின்பது சீனியை. புளிப்பையும் வாசனையையும் அது பெரும்பாலும் விட்டுவைக்கும். இனிப்பை மட்டும் நம்பிய பழம் போத்தலில் காணாமல் போகும். பெல்ஜியத்தில் கிரீக் என்ற பியருக்குப் புளிப்புச் செரிப்பழம் போடுவதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதனால்தான் கொடித்தோடை (பாஷன் புரூட்) என் முதல் தெரிவு. இரண்டு லீட்டருக்கு ஆறு பழம், விதையோடு வழித்து ஒரு இரவு உறைய வைத்து எடுத்தால் சாறு நன்றாக விடும். மூடியைத் திறந்ததும் அறை முழுக்க மணக்கும். அன்னாசியும் நல்லது, ஆனால் இஞ்சியைக் குறைக்க வேண்டும்.

விளாம்பழத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம். அம்மம்மா கருப்பட்டி போட்டுக் கரைத்துத் தருவாரே, அதே ருசிதான் மனதில் இருந்தது. சீனியில் பாதியைப் பனங்கருப்பட்டியாக மாற்றி, விளாம்பழக் கரைசலைத் துணியில் இரண்டு தரம் வடித்துச் சேர்த்தேன். புளிப்பும் துவர்ப்பும் புகை போன்ற ஒரு வாசமும் இஞ்சிக் காரத்தோடு சேர்ந்தபோது, கடையில் வாங்கிய எந்தப் பானமும் எனக்கு அந்தத் திருப்தியைத் தந்ததில்லை. ஆனால் சக்கை மிஞ்சினால் அதைப் பற்றிக்கொண்டு வாயு ஒரேயடியாகப் பொங்கும். நன்றாகக் குளிர்ந்த பின் மெல்ல மெல்லத் திறக்க வேண்டும்.

கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம். முதல் வருடம் ஓகஸ்டில், கச்சான் காற்று அனலாக வீசிய நாட்களில், மேசையில் இரண்டு நாள் விட்ட போத்தல் நள்ளிரவில் வெடித்தது. குசினி முழுக்கக் கண்ணாடி. யாரும் அங்கே நிற்காதது கடவுள் செயல். அன்றிலிருந்து சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல்தான். பெருவிரலால் அமத்திப் பார்ப்பேன், கல்லுப்போல இறுகினால் உடனே பிரிட்ஜ். கச்சான் காலத்தில் ஒரே நாளில் இறுகும், மார்கழி மழைக்கு மூன்று நாள் பிடிக்கும். அதனால் நாள் கணக்கை விட்டுவிட்டேன், காலையும் மாலையும் போத்தலை அமத்திப் பார்ப்பதோடு சரி.

இப்போது பிரிட்ஜில் இரண்டு போத்தல் கொடித்தோடை இருக்கிறது. அடுத்தது அம்பரலங்காய். அதைப் பச்சையாகத் துருவிப் போடுவதா, அவித்துக் கரைப்பதா என்று அம்மாவோடு இன்னும் பேசி முடியவில்லை.