சிங்கப்பூர் – நியூயார்க்: நிற்காமலா, பிராங்க்ஃபர்ட் வழியா, டோக்கியோ வழியா?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு மிகக் குறுகிய தூரம் ஏறக்குறைய 15,350 கி.மீ. பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏறினால் சுமார் 16,450 கி.மீ. கூடுதல் தூரம் 1,100 கி.மீ.தான், ஜெட் விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நேரடி விமானம் பதினெட்டரை, பத்தொன்பது மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது; பிராங்க்ஃபர்ட் வழியோ 24 மணி நேரத்தைத் தொடுகிறது.

தரையில் கழியும் இரண்டு மணி நேரத்தைக் கழித்தாலும் கணக்கு இடிக்கிறது. மீதியைக் காற்று தின்றுவிடுகிறது. உயரத்தில் வீசும் ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவது. பிராங்க்ஃபர்ட் வழியில் போகிறவர் இரண்டு கட்டத்திலும் மேற்கு நோக்கியே, பெரும்பாலும் அந்தக் காற்றை எதிர்த்தே பறக்கிறார்.

நேரடி விமானத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சிங்கப்பூர் கிழக்கே 104 பாகையில், நியூயார்க் மேற்கே 74 பாகையில். பூமியின் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கங்கள். உருண்டையின் மேல் நூல் பிடித்துப் பார்த்தால் அது வடதுருவத்தை ஒட்டியே போகும். கிழக்கே சாய்ந்தாலும் மேற்கே சாய்ந்தாலும் பெரிய நட்டமில்லை என்பதால், அன்றைய காற்றைப் பார்த்துப் பாதையை வகுக்கிறார்கள். போகும்போது பசிபிக் மீதும், திரும்பும்போது அட்லாண்டிக் மீதும் பறந்து, ஒரே பயணத்தில் உலகைச் சுற்றிவிடுவதும் உண்டு. இந்தத் தடத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இந்த வசதிக்கு விலை உண்டு. 2004இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க்கை அடுத்த நெவார்க்குக்கு நேரடிச் சேவை தொடங்கியபோது ஓட்டியது நான்கு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்தை. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்தினார்கள். 2018இல் இரட்டை எஞ்சின் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறப்பதற்கான வகை) வந்த பிறகே சேவை மீண்டது. அது 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அவ்வளவு எரிபொருளைச் சுமப்பதற்காகவே இருக்கைகளை 161ஆகக் குறைத்துவிட்டார்கள்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி ஒன்றுகூட இல்லை. ஆகவே நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இந்த ஒப்பீடு டிக்கெட் விலையைப் பார்த்த உடனேயே முடிந்துவிடும்.

எகானமிதான் என்றால் பலரும் பிராங்க்ஃபர்ட்டைப் பிடிக்கிறார்கள். நான் முதலில் டோக்கியோவைப் பார்ப்பேன். அந்த வழி மொத்தம் ஏறக்குறைய 16,200 கி.மீ.; பிராங்க்ஃபர்ட்டைவிடக் குறைவு. நீண்ட இரண்டாம் கட்டத்தில் காற்றும் முதுகைத் தள்ளும். வானில் கழிவது இருபது மணி நேரத்தை ஒட்டித்தான். சிக்கல் விமானம் மாறுவதில் இருக்கிறது: இணைப்பு விமானம் இரண்டு மூன்று மணி நேரத்தில் கிடைத்தால் பிராங்க்ஃபர்ட்டை வென்றுவிடும், ஆறேழு மணி நேரம் காக்க வைத்தால் தோற்றுவிடும். நரிட்டாவும் ஹனேடாவும் டோக்கியோவின் இரு வேறு விமான நிலையங்கள்; ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறச் சொல்லும் டிக்கெட்டை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தொடவே வேண்டாம்.

வயதான பெற்றோரைத் தனியே அனுப்புகிறவர்களுக்கு மட்டும் பிராங்க்ஃபர்ட்டே மேல். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஒரே சேவை பிராங்க்ஃபர்ட் வழியாக நியூயார்க் வரை போகிறது; நடுவில் இறங்கி ஏற வேண்டியிருந்தாலும், சேவை எண் கடைசிவரை ஒன்றுதான். இணைப்பு விமானம் தவறிவிடுமோ என்ற பதற்றம் இல்லை.