என்.ஆர்.ஓ. கணக்கும் நள்ளிரவுக் கெடுவும்

இந்த முறை மதுரையில் பாதி நேரம் வங்கி வேலையிலேயே போனது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்கள் இங்கே வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்குக்கு கே.ஒய்.சி., அதாவது அடையாள, முகவரி விவரங்களைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டு எண்ணுக்கு ஓ.டி.பி. ஒழுங்காக வராது என்பதால் நம்மைப் போன்றவர்களுக்கு எல்லாமே மெயிலில்தான். மோசடிக்காரர்களுக்கும் அது தெரியும்.

படிவம் கொடுத்துவிட்டு வந்த அன்றே, ‘கே.ஒய்.சி. முடியவில்லை, நள்ளிரவில் கணக்கு முடக்கப்படும்’ என்று ஒரு மெயில். வங்கியின் சின்னம், நிறம், அடியில் இருக்கும் பொடி எழுத்து எல்லாம் அச்சு அசல். போனில் அனுப்புநர் பெயர் மட்டும்தான் தெரியும். அதைத் தொட்டால்தான் முகவரி விரியும். விரித்தேன், ஏதோ ஒரு ஜிமெயில். லிங்க்கைத் திறக்காமல், விரலை அதன்மேல் சற்று அழுத்திப் பிடித்தால் முழு முகவரியும் வரும். வங்கியின் பெயர் தொடக்கத்திலேயே இருந்தது. அதில் ஒன்றுமில்லை, யாரும் போட்டுக்கொள்ளலாம். ‘https://’ என்பதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். அங்கே இருந்தது ‘டாட் டாப்’ (.top), வங்கியின் முகவரியே இல்லை.

இந்திய வங்கிகள் தங்கள் தளங்களை 2025 அக்டோபர் 31-க்குள் ‘.பேங்க்.இன்’ (.bank.in) என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. வங்கிகளைத் தவிர மற்றவர்களுக்கு அது கிடைக்காது. ஆனால் ‘பேங்க்’குக்கு முன்னால் புள்ளி இருக்க வேண்டும். அங்கே சிறுகோடு இருந்தால் அது கடையில் யாரும் வாங்கக்கூடிய சாதாரண முகவரி.

கிளையில் காட்டினேன். “நாங்க மெயில்ல லிங்க்கே அனுப்ப மாட்டோம் சார்” என்றார் அங்கிருந்தவர். அடுத்த வாரமே அதே வங்கியிலிருந்து, கிரெடிட் கார்டு வாங்கச் சொல்லி, லிங்க்கோடு ஒரு நிஜ மெயில்! இப்படி இருந்தால் ஜனங்கள் எதை நம்புவார்கள்?

அப்பாவுக்கு வந்தது வேறு ரகம். போன மாத கரன்ட் பில் பதிவாகவில்லை, இரவு 9.30-க்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று ஒரு பத்து இலக்க மொபைலிலிருந்து. 2022 வாக்கில் ஊரெல்லாம் சுற்றிய அதே பழைய சரக்கு. “ஃபியூஸைப் பிடுங்க எந்த லைன்மேன்டா ராத்திரி ஒன்பதரைக்கு வர்றான்?” என்று சிரித்துவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

சந்தேகம் வந்தால் மெயிலை மூடிவிட்டு, வங்கியின் ஆப்பையோ நாமே தட்டச்சு செய்த முகவரியையோ திறந்து பார்ப்பது என் வழக்கம். கே.ஒய்.சி. நிஜமாகவே பாக்கி என்றால் அங்கேயும் சொல்லும். பணம் போய்விட்டால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை உடனே கூப்பிட வேண்டும். அது கைமாறிப் போவதற்குள் தடுத்து நிறுத்தப் பார்ப்பார்கள். அப்பாவின் போனில் அந்த எண்ணைச் சேமித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.