சாட்ஸ்வொர்த்தில் ஒரு விலங்கு மருத்துவமனை: அறுவைக்கு முன்னும் பின்னும்

செல்லப் பிராணிகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனையை மதிப்பிட வேண்டுமானால், கத்தி பிடிக்கும் கையை வைத்து மட்டும் மதிப்பிட முடியாது. அந்தக் கை வேலை செய்வதை உரிமையாளர் யாரும் பார்ப்பதில்லை. நம் கண்ணுக்குத் தெரிவது அதற்கு முந்தைய சில மணி நேரமும் பிந்தைய இரண்டு வாரமும்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தென்மேற்கே சாட்ஸ்வொர்த்தில், எங்கள் வீட்டு நாயையும் பூனையையும் பல ஆண்டுகளாகக் கொண்டு செல்லும் தனியார் மருத்துவமனை ஒன்றைப் பற்றி அந்த அளவிலேயே எழுதுகிறேன். பெயர் குறிப்பிடவில்லை, எங்கள் பகுதியினருக்கு எது என்று தெரிந்துவிடும், மற்றவர்களுக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்பதே பயன்படும். நோயைக் கண்டறிந்த விதத்தில் அவர்களுக்கு முழு மதிப்பெண் தருவேன். அறுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரவுக் கவனிப்பில் பெரிய குறை உண்டு.

இங்கே பெரும்பாலும் நடப்பவை மென்திசு அறுவைகள். எலும்பு, மூட்டு, நரம்பு ஆகியவற்றை விட்டுவிட்டால் மிஞ்சும் தோல், வயிறு, குடல், சிறுநீர்ப்பை, கருப்பை, மண்ணீரல் போன்ற உறுப்புகளில் செய்யப்படுவன யாவும் அந்த வகையைச் சேரும். கருத்தடை, கட்டி அகற்றுதல், சிறுநீர்ப்பைக் கல் எடுத்தல் ஆகியவற்றுக்காகவே மக்கள் அதிகம் வருகிறார்கள். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்குப் பருவம் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் கட்டுவது இன்னொரு முக்கியக் காரணம். நாய் வழக்கத்துக்கு மாறாக நிறையத் தண்ணீர் குடித்து, சோர்ந்து, உணவை மறுத்தால், பின்புறத்தில் சீழ் வடிகிறதா என்று காத்திருந்து பார்க்கக்கூடாது. கருப்பையின் வாய் மூடியிருந்தால் சீழ் வெளியே வராமலே நோய் முற்றிவிடும். இதை அந்த மருத்துவமனையின் வரவேற்பறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஊசி விளம்பரங்களைவிட அந்தத் தாள் பலமடங்கு உபயோகமானது என்பது என் கருத்து.

நாங்கள் அண்மையில் அங்கே சென்றது குடல் அடைப்புக்காக. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் இறைச்சி கிடையாது. கோடைக்காலம் என்பதால் மக்காச்சோளம் தாராளமாகக் கிடைக்கும், கரியில் சுட்டுத் தின்போம். மணிகளைத் தின்றபின் எஞ்சும் கட்டையை நாய் விழுங்கிவிடுவது தென்னாப்பிரிக்க விலங்கு மருத்துவர்களுக்கு மிகவும் பழகிப்போன கதை. கட்டை செரிக்காது, இரைப்பையைக் கடந்து சிறுகுடலுக்குள் நுழைந்து, ஓரிடத்தில் அடைப்பாகச் சிக்கிக்கொள்ளும். எங்கள் நாய் டைகர் ஸ்டாஃபி (ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர்) கலப்பினம், பசி அடங்காத பிராணி. அது எப்போது, எத்தனை கட்டைகளை விழுங்கியது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. வாந்தி தொடங்கி, தண்ணீர்கூடத் தங்காமல் போனபோதுதான் கொண்டுபோனோம்.

இந்த மருத்துவமனையை நான் மெச்சுவதற்கான முதன்மையான காரணம் அடுத்து நடந்ததில் இருக்கிறது. நான் சோளக்கட்டை என்று சொன்னவுடன் மருத்துவர் அதையே பிடித்துக்கொண்டு அறுவை அறைக்கு ஓடவில்லை. எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வாந்தியும் சோர்வுமாக வரும் நாய்க்குப் பல காரணங்கள் இருக்கலாம். உண்ணிக் கடியால் பரவும் பாபேசியா என்னும் ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். ஊரில் பிலியரி என்று சொல்லும் இந்த நோய், தென்னாப்பிரிக்காவில் காணப்படும் வகையில், கடுமையானது. சாணி வண்டுகளின் வழியாக நாயின் உடலுக்குள் புகும் ஸ்பைரோசெர்கா என்னும் புழு உணவுக்குழாயில் முடிச்சுகளை உண்டாக்கும். அந்த நாய்கள் உண்டதைக் கக்குவதை உரிமையாளர்கள் வாந்தி என்று எண்ணிக்கொள்வார்கள். மருத்துவர் காதின் நுனியிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார்; மார்பையும் வயிற்றையும் எக்ஸ்ரே எடுத்தார்; இரத்தத்தில் உள்ள உப்புகளின் அளவையும் சோதித்தார். ஒட்டுண்ணி இல்லை, உணவுக்குழாயில் முடிச்சும் இல்லை. வயிற்றின் எக்ஸ்ரேயில், காற்று நிறைந்து உப்பிய குடல் வளையங்கள் தெரிந்தன. கட்டை எக்ஸ்ரேயில் எப்போதும் தெளிவாகத் தெரிவதில்லை என்பதால் ஸ்கேனும் செய்தார். அங்கே ஒரு பளிச்சென்ற வளைந்த கோடும், அதன் கீழே கருநிழலும் தென்பட்டன. திரையை என் பக்கம் திருப்பி, எது குடல், எது கட்டை என்று விரல் வைத்துக் காட்டினார்.

இன்னொன்றையும் அவர் பொறுமையாக விளக்கினார். சிலர் வீட்டிலேயே உப்பு நீர் கொடுத்து நாயை வாந்தி எடுக்க வைக்க முயல்வார்களாம். அது இரட்டை ஆபத்து: மிகுந்த உப்பே நஞ்சாகலாம், மேலே வரும் கட்டை உணவுக்குழாயில் சிக்கினால் நிலைமை முன்னைவிட மோசமாகும். என் மனைவியின் தாயார் இதைக் கேட்டுவிட்டு, தாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்ததாக என்னிடம் பிறகு ஒப்புக்கொண்டார், மருத்துவரிடம் அல்ல.

அன்றே கத்தி வைக்கவில்லை என்று சிலர் குறை சொல்லக்கூடும். எனக்கு அது குறையாகப் படவில்லை. தொடர்ந்து வாந்தி எடுத்த நாயின் உடலில் நீரும் பொட்டாசியமும் குளோரைடும் குறைந்திருக்கும். அந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். ஆகவே சிரை வழியாக டிரிப் ஏற்றி, வலிக்கு மருந்து கொடுத்து, இரத்தத்தை மறுபடி சோதித்த பின்னரே அறுவையைத் தொடங்கினார்கள். குடலில் துளை விழுந்து வயிற்றுக்குள் கசிவு இருந்தாலும், குடலின் இரத்த ஓட்டம் நின்றுவிட்டதாகத் தோன்றினாலும் இத்தனை நேரம் காத்திருக்க மாட்டோம் என்பதையும் சொன்னார். காத்திருப்பதா, உடனே அறுப்பதா என்ற கேள்விக்குத் திட்டவட்டமான காரணத்தோடு பதில் சொல்லத் தெரிந்த மருத்துவரை நம்பலாம்.

பணத்தைப் பற்றி. அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கிய மதிப்பீட்டுத் தாளில் ஒரு கீழ்த்தொகையும் ஒரு மேல்தொகையும் இருந்தன. இரண்டுமே ஐந்து இலக்க ரேண்டுகள். குடலைத் திறந்து கட்டையை எடுத்துத் தைத்தால் போதுமா, அல்லது இறந்துபோன குடற்பகுதியை வெட்டி அகற்றி இரு முனைகளையும் இணைக்க வேண்டுமா என்பது வயிற்றைத் திறந்தால்தான் தெரியும். இரண்டுக்கும் செலவு வேறு. அந்த இடைவெளியின் காரணத்தைக் கேட்காமலே விளக்கியது நன்று. 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி அந்தத் தொகைக்குள் அடங்கியதா என்பதை மட்டும் நான்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இத்தனை பெரிய தொகையில் அது சிறிய விவரம் அல்ல, தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். இறுதிக் கணக்கு மேல்தொகையைத் தாண்டவில்லை.

அறுவையைப் பற்றி மருத்துவர் பின்னர் சொன்னவற்றையும் அறுவைக் குறிப்பின் நகலையும் கொண்டே எழுதுகிறேன். வயிற்றின் நடுக்கோட்டில் திறந்து, இரைப்பையிலிருந்து பெருங்குடல்வரை முழுவதையும் விரல்களால் தொட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு கட்டையை எடுத்துவிட்டு இன்னொன்றை உள்ளே விட்டுவிட்ட கதைகள் உண்டு என்றார். குடலின் நிறம், அசைவு, இரத்தக் குழாய்களின் துடிப்பு ஆகியவற்றைக் கொண்டு அது உயிரோடிருக்கிறதா என்று தீர்மானித்திருக்கிறார். கட்டை அழுத்திக்கொண்டிருந்த இடம் வீங்கிப் புண்பட்டிருக்கும் என்பதால் அதன் மேலேயே கீறாமல், அதைத் தாண்டிக் கீழ்ப்புறத்தில் நலமாக இருந்த பகுதியில் கீறிக் கட்டையை வெளியே எடுத்து, கரையும் இழையால் ஒற்றை வரிசையாகத் தைத்திருக்கிறார். பின்பு அந்தப் பகுதிக்குள் உப்பு நீரைச் செலுத்தி, தையலில் கசிகிறதா என்று சோதித்து, வயிற்றின் கொழுப்புத் திரையை அதன்மேல் போர்த்தி மூடியிருக்கிறார். எடுத்த கட்டையை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். விரதத்தை ஒழுங்காக முடித்த வீட்டில் அதை என்ன செய்வது என்று யாருக்கும் புரியவில்லை.

மயக்கம் கொடுப்பதில் அவர்கள் காட்டிய கவனத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். மயக்கத்தில் இருக்கும் விலங்கைக் கவனிப்பதற்கென்றே ஒரு செவிலியர் இருக்கிறார். அறுவைக்கு உதவுவது அவருடைய வேலை அன்று. சுவாசக் குழாய் பொருத்தி, ஐசோஃபுளூரேன் வாயுவில் வைத்திருந்த நேரம் முழுவதும் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தத்தில் ஆக்சிஜன், வெளிமூச்சில் கரியமில வாயு, உடல் வெப்பம் ஆகியவற்றைச் சில நிமிட இடைவெளியில் பதிந்த தாளை எனக்குக் காட்டினார்கள். மின்வெட்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பேட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கின்றன என்றார்கள், பேட்டரி இருக்கும் இடத்தையும் காட்டினார்கள். இப்போது மின்வெட்டு குறைந்திருப்பதால் இந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

இனிக் குறை. அறுவை முடிந்த அன்று மாலை விடைபெறும்போது, இரவில் யார் உடன் இருப்பார் என்று கேட்டேன். சற்றுத் தயங்கியபின், இரவு ஒருமுறை மருத்துவர் வந்து பார்ப்பார், மற்ற நேரத்தில் கட்டடத்தில் ஆள் கிடையாது என்று பதில் வந்தது. ஒரு சாதாரணக் கருத்தடைக்கு அது போதுமாக இருக்கலாம். குடலைத் திறந்து தைத்த, டிரிப் ஏறிக்கொண்டிருக்கும் நாய்க்குப் போதாது. டிரிப் குழாயை நாய் கடித்துப் பிடுங்கினால் காலைவரை யாருக்கும் தெரியாது. நான் கேட்ட பிறகு, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் வேறொரு மருத்துவமனைக்கு மாற்றும் ஏற்பாட்டைக் கூடுதல் கட்டணத்தில் செய்து தந்தார்கள். அதை மறுக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. ஆனால் அந்தத் தெரிவு மதிப்பீட்டுத் தாளிலேயே ஒரு வரியாக இருந்திருக்க வேண்டும். கேட்கத் தெரிந்தவனுக்கு ஒரு கவனிப்பு, கேட்கத் தெரியாதவனுக்கு வேறொரு கவனிப்பு என்பது நல்ல மருத்துவமனைக்கு அழகில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே ஐந்துக்கு நான்கு என்று நிறுத்துகிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது தந்த அறிவுரைகள் தெளிவாக இருந்தன. குடல் தையல் விட்டுப்போகும் ஆபத்து அறுவை முடிந்த மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை மிகுதி என்பதால், அந்த நாட்களில் மறுபடி வாந்தி, காய்ச்சல், வயிற்றைத் தொட்டால் முனகல், படுத்தே கிடத்தல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே கொண்டுவரச் சொன்னார்கள். உணவைப் பல வேளைகளாகப் பிரித்துச் சிறிது சிறிதாக. நடை கயிற்றில் மட்டும். பத்தாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையே தையல் பிரிக்கும்வரை, புண்ணை நக்காமல் தடுக்கும் கழுத்துக் கூம்பைக் கழற்றக்கூடாது. நாயின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு கூம்பைக் கழற்றுபவர்களால்தான் இரண்டாவது அறுவைகள் வருகின்றன என்று செவிலியர் சொன்னது வீட்டில் சிலரைப் பார்த்துச் சொன்னதுபோல் இருந்தது. புண்ணில் மஞ்சள் தடவக்கூடாது. வெங்காயம் நாய்க்கு நஞ்சு என்பதால் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றிய டர்பன் உணவு) குழம்பைச் சோற்றில் ஊற்றக்கூடாது. வலிக்கிறதே என்று பனாடோ (பாராசிட்டமால்) கொடுக்கக்கூடாது, பூனையாக இருந்தால் ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கும் என்று நம் வீட்டுப் பழக்கங்களை அறிந்தவர்போல் ஒவ்வொன்றாகச் சொன்னார். பகலில் மருந்து கொடுக்கப்போவது எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மையார் என்று தெரிந்ததும், அவரைத் தொலைபேசியில் அழைத்து, எல்லாவற்றையும் இசிசூலு (சூலு) மொழியில் மறுபடி விளக்கினார். இதற்குக் கட்டணப் பட்டியலில் வரி இல்லை.

சிறு விஷயங்கள் சில. காத்திருக்கும் அறையில் நாய்க்கும் பூனைக்கும் ஒரே இருக்கைகள். கூண்டில் ஒடுங்கிய பூனைக்கு எதிரே பூர்புல் என்னும் பெரிய காவல் நாய் ஒன்று நிற்பது நல்ல ஏற்பாடு அன்று. வண்டி நிறுத்த இடம் போதாது. தென்னாப்பிரிக்க விலங்கு மருத்துவக் கவுன்சிலின் பதிவுச் சான்று வரவேற்பறையில் தெரியும்படி மாட்டப்பட்டிருக்கிறது. எங்கள் மருத்துவர் படித்தது பிரிட்டோரியாப் பல்கலைக்கழகத்தின் ஒன்டர்ஸ்டெபூர்ட் வளாகத்தில். நாட்டில் விலங்கு மருத்துவப் பட்டம் தரும் ஒரே இடம் அது. ஆனால் அவர் பொது மருத்துவர். அறுவைச் சிறப்பு மருத்துவர் என்று தம்மை அழைத்துக்கொள்வதில்லை, அந்தப் பட்டத்துக்குக் கவுன்சிலில் தனிப் பதிவு வேண்டும். மார்பைத் திறக்கும் அறுவை, கல்லீரல் இரத்தக் குழாய்க் கோளாறு, தட்டை மூக்கு நாய்களின் மூச்சுப் பாதை ஆகியவற்றைத் தாம் தொடுவதில்லை, சிறப்பு மருத்துவருக்கே அனுப்பிவிடுகிறோம் என்று அவராகவே சொன்னார்.

கருத்தடை, தோல் கட்டி, சிறுநீர்ப்பைக் கல், குடல் அடைப்பு ஆகியவற்றுக்கு நான் மறுபடியும் இங்கேதான் செல்வேன். வயிற்றைத் திறக்கும் அறுவையாக இருந்தால், இரவு மாற்றத்தை மதிப்பீட்டுத் தாளில் எழுதித் தரச் சொல்லிவிட்டே கையெழுத்திடுவேன். வார இறுதியில் மருத்துவர் ஒருவர் மட்டுமே இருப்பதால், அவசரம் அல்லாதவற்றுக்கு வார நாள் காலையில் முன்பதிவு செய்துகொண்டு செல்வது நல்லது.