ஸ்டெபிலைசரா, சர்ஜ் புரொடெக்டரா?

"வீட்டில்தான் ஸ்டெபிலைசர் இருக்கிறதே, இடி இடித்தால் என்ன?" என்று போன ஐப்பசி வரை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே மழையில் டிவி போர்டு போனபிறகுதான் புரிந்தது, ஸ்டெபிலைசரும் சர்ஜ் புரொடெக்டரும் வேறு வேறு.

ஸ்டெபிலைசர் பார்ப்பது வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தை. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் கோடை மாலையில் 180 வந்தால், உள்ளே இருக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் டக்கென்று மாறி, தூக்கிக் கொடுக்கும். ஏசிக்கு நல்ல துணை. ஆனால் ரிலே மாறவே சில மில்லி விநாடிகள் ஆகும். மின்னலால் வரும் சர்ஜோ, அதாவது திடீர் வோல்டேஜ் எகிறலோ, மைக்ரோ விநாடிகளில் வேலையை முடித்துவிடும்.

அதற்குத்தான் எஸ்.பி.டி. என்ற சர்ஜ் புரொடெக்டர். வீட்டுக்குள் மின்சாரம் பிரியும் டிபி பாக்ஸில், எம்சிபி என்ற பாதுகாப்பு சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்காரும். உள்ளே இருக்கும் எம்.ஓ.வி. என்ற பாகம் சாதாரண நேரத்தில் சும்மா இருக்கும். வோல்டேஜ் எகிறியதும் நானோ விநாடிகளில் வழிவிட்டு, மின்னோட்டத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும். எர்த் சரியில்லாத வீட்டில் இதை மாட்டிப் பெரிய பயனில்லை. இணைப்பு ஒயர் நீளமாகச் சுற்றிப் போனாலும் பலன் குறையும், அரை மீட்டருக்குள் முடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அடியிலும் எம்.ஓ.வி. தேயும், எஸ்.பி.டி.யின் முகப்பில் உள்ள சின்னப் பச்சை ஜன்னல் சிவப்பானால் மாற்றவேண்டும்.

சரி, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் அறுந்து 300, 350 வோல்ட் தொடர்ந்து வந்தால்? எஸ்.பி.டி. காப்பாற்றாது, அதுவே கருகிப்போகலாம். அங்கே ஹை-கட் (வோல்டேஜ் மிஞ்சினால் துண்டிக்கும் வசதி) உள்ள ஸ்டெபிலைசராவது இணைப்பைத் துண்டிக்கும்.

என்னைக் கேட்டால் முதல் செலவு எர்த்துக்கு, அப்புறம் எஸ்.பி.டி. வோல்டேஜ் ஆடும் தெருவாக இருந்தால் மட்டும் ஸ்டெபிலைசர்.