ஆய்வகமா, களமா, அ-பதிவேடா? ஏற்றத்தாழ்வின் புவியியலை நடத்தும் வழிகள்

கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்கள் ஏன் மீள்குடியேற்றப் பகுதிகளான கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் போய்ச் சேர்ந்தன? மானுடப் புவியியல் தாளில் அதிகாரத்தையும் ஏற்றத்தாழ்வையும் பேச ஓர் அலகு இருந்தால், சென்னைப் பக்கத்துக் கல்லூரிக்கு இதைவிட நல்ல கேள்வி தேவையில்லை. இதை நடத்தச் சில வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. எல்லாவற்றையும் செய்து பார்க்க ஒரு பருவம் போதாது, எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் இதுதான்: பாடம் முடியும்போது மாணவர் பாதிக்கப்பட்டவரை மட்டும் பார்த்தாரா, முடிவெடுத்தவரையும் பார்த்தாரா?

கோட்பாட்டு விரிவுரையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். புவியியலாளர் டேவிட் ஹார்வி 1969-இல் பால்டிமோருக்குப் போய், அந்த நகரின் வீட்டுச் சந்தை எப்படி நடக்கிறது என்று நேரில் ஆராய்ந்த காலத்தில்தான் மார்க்ஸ் பக்கம் திரும்பினார். நம் வகுப்பில் வரிசை தலைகீழ். முதலில் ஹார்வி, நேரம் மிஞ்சினால் நகரம். தேர்வுக்கு உதவும், அவ்வளவுதான்.

அடுத்தது கணினி ஆய்வகம். செலவு குறைவு, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், வெயிலில் அலைய வேண்டாம், துறைத் தலைவருக்கும் பிடிக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்து, பட்டியல் சாதியினரின் விழுக்காட்டை வார்டு வாரியாக நிறமிடச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் அழகான வரைபடம் கிடைத்துவிடும். சிக்கல் அந்த அழகில்தான். கணக்கெடுப்பு பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் மட்டும் தனியே எண்ணியது. மற்ற எல்லோரும் ஒரே மூட்டை. அதனால் தலித்துகள் எங்கே குவிந்திருக்கிறார்கள் என்று வரையலாம். நிலமும் வீடும் கையில் வைத்திருக்கும் சாதிகள் எங்கே குவிந்திருக்கின்றன என்று வரையவே முடியாது. 2027 கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் எண்ணப் போகிறார்கள். அந்த விவரம் வார்டு அளவில் வெளியானால் இந்தக் குறையைத் திரும்பப் பேசலாம்.

ஆனால் ஆய்வகத்தில் ஒரு பொன்னான வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான ஆசிரியர்கள் அதைத் தொல்லை என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாநகராட்சிக்கு 155 வார்டுகள். அதே ஆண்டு அக்டோபரில் எல்லை விரிந்து, 176 சதுர கிலோமீட்டர் 426 ஆனது, வார்டுகள் 200 ஆயின. பழைய தரவு புதிய வரைபடத்தில் உட்காராது. மாணவர்கள் புலம்புவார்கள். புலம்பட்டும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி: 2000-இல் தொடங்கிய கண்ணகி நகர் 2011 கணக்கெடுப்பில் எந்த மாவட்டம்? காஞ்சிபுரம். பெரும்பாக்கம் இப்போது எந்த மாவட்டம்? செங்கல்பட்டு. அதாவது ஆற்றங்கரையில் இருந்த குடும்பத்தை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் விட்டால், அந்தக் குடும்பத்தின் நிலைமை ஒரு துளி மாறாவிட்டாலும் சென்னையின் புள்ளிவிவரம் மேம்படும். எல்லைக்கோடு செய்யும் வேலை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலிலும் வராது.

களப்பயணத்துக்கு வருவோம். மீள்குடியேற்றப் பகுதிக்குக் கல்லூரிப் பேருந்தில் ஐம்பது பேரை இறக்கிவிடும் வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. 2020-இல் கண்ணகி நகரில் சுவரோவியங்கள் வந்தன. போகிறவர்களுக்குப் படம் எடுக்க நல்ல பின்னணியும் கிடைத்துவிட்டது. இன்னொன்று, அரசுக் கல்லூரி வகுப்பு என்றால் அந்தப் பேருந்திலேயே அந்தப் பகுதியிலிருந்து வரும் மாணவர் இருப்பார். தன் தெருவைச் சக மாணவர்கள் ‘ஆய்வு’ செய்வதை அவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். தவிர, முடிவெடுத்தவர்கள் யாரும் அங்கே இருக்க மாட்டார்கள். 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறிய அமைப்பு, மாநகராட்சி, நீர்வளத் துறை என்று எல்லாம் இருப்பது வேறு இடத்தில்.

நடந்துதான் கற்பிக்க வேண்டுமென்றால் பாரிமுனைக்குப் போகலாம். ஜார்ஜ் கோட்டையின் வடக்குச் சுவரையொட்டி இந்தியர்கள் குடியிருந்த முதல் கறுப்பர் நகரம் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1746-இல் கோட்டையைப் பிடித்து 1749-இல் திருப்பிக் கொடுத்தபின், கோட்டைப் பீரங்கிகளுக்கு எதிரே மறைப்பு எதுவும் இருக்கக் கூடாது என்று ஆங்கிலேயர்கள் அந்த நகரத்தையே அப்புறப்படுத்தினார்கள். இன்று உயர் நீதிமன்றம் நிற்பது அந்த வெற்றிடத்தில். இதைத் தாண்டிக் கட்டக் கூடாது என்று 1773-இல் நட்ட 13 எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் மிச்சம் இருக்கிறது. யார் வீட்டையும் எட்டிப் பார்க்காமல், யாருடைய வறுமையையும் குறிப்பேட்டில் எழுதாமல், வெளியேற்றம் என்றால் என்ன என்று ஒரு காலை நேரத்தில் காட்டிவிடலாம். கண்ணகி நகர்ப் பயணத்தோடு ஒப்பிட்டால் இதற்குத்தான் என் ஓட்டு.

களப்பணியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1960களின் இறுதியில் டெட்ராய்ட்டில் வில்லியம் பங்கி என்ற புவியியலாளரும், அங்கேயே வளர்ந்த க்வெண்டோலின் வாரன் என்ற இளம்பெண்ணும் சேர்ந்து நடத்திய ‘புவியியல் பயணம்’ நல்ல முன்மாதிரி. நகர மையத்துக்கும் பணக்காரப் புறநகருக்கும் இடையே கார்கள் விரையும் தடத்தில் கறுப்பினக் குழந்தைகள் அடிபட்டு இறந்த இடங்களை ஒரு வரைபடத்தில் குறித்தார்கள். அந்த விவரங்களைக் காவல்துறையிடமிருந்து வாங்குவதே ஒரு போராட்டமாக இருந்தது. எதை வரைய வேண்டும் என்று கேட்டவர்கள் அங்கே குடியிருந்தவர்கள். வரைபடத்தில் தெரிந்ததோ யாருடைய கார், எந்த வழி என்பது. நம் பகுதிக் குடியிருப்போர் சங்கம் ஒன்று ‘எங்களுக்குப் பேருந்து வராத தெருக்களைக் குறித்துக் கொடுங்கள்’ என்று கேட்டால், நான்கு மாணவர்களோடு தாராளமாகப் போகலாம். கேட்காதபோது போவது வேடிக்கை பார்ப்பதுதான்.

‘உன் ஊரை வரைந்து வா’ என்ற பயிற்சி பலருக்கும் பிடித்தது. செலவே இல்லை, எல்லோருக்கும் தெரிந்த இடம். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு கிராமத்தின் வரைபடத்தில் வீட்டைப் புள்ளி வைத்துக் காட்டினால் சாதி வெளிப்பட்டுவிடும். ஊர் இந்தப் பக்கம், காலனி அந்தப் பக்கம், நடுவே சாலையோ வாய்க்காலோ. ஆதிக்க சாதி மாணவர் கோயில், குளம், பள்ளி என்று நிதானமாக வரைவார், காலனியை ஓரத்தில் ஒரு கட்டமாகப் போட்டுவிடுவார், சில சமயம் விட்டே விடுவார். காலனியிலிருந்து வருபவர் பக்கத்து ஊரை வரைந்து தருவார். இரண்டுமே ஆசிரியருக்குப் பாடம்தான். ஆனால் அதைச் சுவரில் ஒட்டி விவாதிப்பது கொடுமை. இந்தப் பயிற்சியை வைத்தால் ஆசிரியர் மட்டும் பார்க்கட்டும், மதிப்பெண் வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது வருவாய் ஆவணங்களைப் படிக்க வைப்பது. அ-பதிவேடு (கிராமத்தின் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நிலத்தின் வகையும் உரியவர் பெயரும்), புலப்படம் (நில அளவை வரைபடம்), சிட்டா (ஒருவர் பெயரில் உள்ள நிலங்களின் விவரம்). பார்க்கச் சலிப்பான தாள்கள், ஆனால் ஒவ்வொரு வரியிலும் யாரோ ஒருவரின் முடிவு இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தை எடுத்தால் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தின் கதை முழுதும் கிடைக்கும். ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891-இல் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் யாருக்கும் கைமாற்றக் கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. ஒரு கிராமத்தின் பழைய பதிவேட்டையும் இணையத்தில் கிடைக்கும் இன்றைய அ-பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் புல எண் யார் பெயருக்குப் போயிருக்கிறது, இடையில் யார் கையெழுத்து என்று தேடச் சொன்னால் போதும். 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தது எந்த நிலத்துக்கான போராட்டத்தில் என்பது அப்புறம் தானாக விளங்கும்.

இதற்கும் குறைகள் உண்டு. பழைய பதிவேடு எளிதில் கிடைக்காது. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு நடக்க வேண்டும், அல்லது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுக் காத்திருக்க வேண்டும். சில புல எண்களுக்கு உரியவர்கள் இன்றும் வழக்கில் இருப்பார்கள். ஆகவே பெயர்களை மறைத்துவிட்டுத்தான் வகுப்பில் கொடுக்க வேண்டும். ஆவணத்தில் வாழ்க்கை இல்லை என்ற குற்றச்சாட்டும் சரிதான். பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் குடியிருப்பில் லிப்ட் நின்றுபோன நாளில் ஒரு வயதானவர் என்ன செய்வார் என்று எந்தப் புலப்படமும் சொல்லாது.

எனவே ஒரே ஒரு வழியை எடுக்க முடியும் என்றால் ஆவணம். இரண்டு என்றால் அதோடு ஆய்வகம், ஆனால் நிறமிடுவதற்காக அல்ல, 155-க்கும் 200-க்கும் இடையிலான குழப்பத்துக்காக. மூன்று என்றால் பாரிமுனை நடை. அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண்தான் கையில் இருக்கும் இணைப்புக் கல்லூரியில் அந்த 25-ஐயும் பதிவேட்டுப் பயிற்சிக்கே கொடுத்துவிடுவேன். ஹார்வியைப் பல்கலைக்கழகத் தேர்வு பார்த்துக்கொள்ளும்.