வெசல் இம்பாக்டா 980: மாற்று ஸ்க்ரூ கிடைக்காத வண்டிக்கு ஒரு திருப்புளி

ஹோண்டாவின் பழைய மோட்டார் சைக்கிளான சிபி750-இன் எஞ்சின் பக்கவாட்டுக் கவர்களைப் பிடித்திருப்பவை எம்6 (6 மி.மீ. தடிமன்) ஸ்டார் ஸ்க்ரூக்கள். எஃகு ஸ்க்ரூ, அலுமினிய உடல். ஐம்பது ஆண்டுக்கு மேல் ஈரமும் சூடும் பட்டுப்பட்டு இரண்டு உலோகங்களுக்கும் நடுவே வெள்ளைப் பொடியாய் அரிப்பு ஏறி, மரை முழுக்க அடைத்துக்கொண்டிருக்கும். கடையில் கிடைத்த ஸ்டார் திருப்புளியை வைத்து ஒரு திருப்பு திருப்பினால் ஸ்க்ரூ அசையாது, தலையில் நுனி உட்காரும் பள்ளமான காடிதான் வழுக்கிப் போகும். ஒருமுறை வழுக்கிய காடி அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வழுக்கும்.

சாதாரண வண்டியாக இருந்தால் இதைப் பெரிய இழப்பென்று சொல்ல முடியாது. புது ஸ்க்ரூ போடலாம், ஆலன் ஸ்க்ரூ செட்டே வாங்கிப் போடலாம். முன்மாதிரி வண்டியில் அது நடக்காது. 1968 அக்டோபர் டோக்கியோ கண்காட்சியில் ஹோண்டா முதன்முதலாகக் காட்டிய சிபி750-க்கும், அடுத்த ஆண்டு மக்கள் கைக்கு வந்த வண்டிக்கும் நடுவில் கையால் செய்த முன்தயாரிப்பு வண்டிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று 2014-இல் இணைய ஏலத்தில் 148,100 டாலருக்குப் போனது. இன்னொன்று 2018-இல் இங்கிலாந்தில் 161,000 பவுண்டுக்குப் போனது. அதற்கடுத்து வந்த முதல் 7,414 வண்டிகளையே 'சாண்ட்காஸ்ட்' என்று தனியாகப் பிரித்துப் போற்றுகிறார்கள். (கரடுமுரடான கிராங்க்கேஸை, அதாவது எஞ்சினின் அடிக்கூட்டை, பார்த்து வைத்த பெயர் அது. உண்மையில் அவை மணல் அச்சில் வார்த்தவை அல்ல, நிரந்தர அச்சில் வார்த்தவை.) இப்படிப்பட்ட வண்டியில் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையும், அதில் உள்ள குறியும், பூச்சின் நிறமும் அந்த வண்டி எப்போது, எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கான சாட்சி. ஒரு தலையை நசுக்கினால் அந்தச் சாட்சி போய்விடும்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது ஜப்பானியக் காடிக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி. ஒசாகாவின் வெசல் நிறுவனம் செய்யும் மெகாடோரா இம்பாக்டா 980-ஐ அந்த வேலைக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லலாம். பி2 (2-ஆம் எண் நுனி, 100 மி.மீ. தண்டு), பி3 (3-ஆம் எண் நுனி, 150 மி.மீ. தண்டு) இரண்டும் வேண்டும். ஒன்றை வாங்கி மற்றதைத் தள்ளிப்போட்டால் பாதி வண்டிதான் பிரியும்.

பொருத்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். நம் ஊரில் 'ஸ்டார்' என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் பிலிப்ஸ் வடிவம். அதன் நுனி கூர்மையாக நீண்டிருக்கும். நான்கு இறக்கைகளும் சேரும் உள்மூலை வளைந்திருக்கும். ஜப்பானியத் தரமான ஜேஐஎஸ் காடியின் அடி தட்டையாகவும், மூலைகள் இறுக்கமாகவும் இருக்கும். பிலிப்ஸ் நுனி அந்த அடியை முதலில் முட்டிவிடும், இறக்கைகள் காடிச் சுவரில் முழுதாக உட்காராது. விசை கொடுக்கும்போது நுனி மேலே ஏறி வெளியே வருகிறது. வரும் வழியில் காடியின் விளிம்பைச் சீவிக்கொண்டு வருகிறது. கையின் பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்துவதில் பயன் இல்லை, உலோகம் தொடும் பரப்புதான் குறைவு. வெசலின் நுனியை அதே காடியில் வைத்தால் தடுமாற்றமே இல்லாமல் அமரும். சோதனை எளிது: திருப்புளியைப் படுக்கையாகப் பிடித்து நுனியில் ஒரு நல்ல ஸ்க்ரூவை மாட்டுங்கள். ஆடாமல் நேராக நிற்க வேண்டும். நுனியில் காந்தம் இருந்தால் அதன் பிடியைப் பொருத்தம் என்று எண்ணிவிடாமல், ஸ்க்ரூவை விரலால் இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அளவுக் கணக்கு: எம்3, எம்4, எம்5 ஸ்க்ரூக்களுக்கு 2-ஆம் எண் நுனி. எம்6-க்கு 3-ஆம் எண். ஹேண்டில்பார் சுவிட்ச், பாயின்ட் தட்டு, கார்புரேட்டர் மேல்மூடி எல்லாம் பி2-வின் வேலை. ஜெனரேட்டர் கவர், கிளட்ச் கவர் இரண்டும் பி3-இன் வேலை. எம்6-இல் பி2 நுனியும் உள்ளே போய்விடும் என்பதால்தான் ஆபத்து. 'ஏதோ ஒன்று பிடிக்கிறது' என்று திருப்பினால் காடியின் நடுப்பகுதி மட்டும் தாங்கி, அங்கேயே குழி விழும். பழைய வண்டிகளின் கிளட்ச் கவரில் காணும் நசுங்கிய தலைகளில் பல இப்படி வந்தவை.

இம்பாக்டாவின் தனிச்சிறப்பு கைப்பிடிக்குள் இருக்கிறது. பின்பக்க உலோகத் தொப்பியில் சுத்தியலால் அடித்தால், உள்ளே உள்ள ஸ்ப்ரிங்கும் சரிவுப் பல்லும் சேர்ந்து தண்டை 12 பாகை இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், ஒரு நொடிப்பொழுதில் திருப்பும். அதே அடியே நுனியைக் காடிக்குள் அழுத்திப் பிடிக்கிறது. இறுகிய ஸ்க்ரூவுக்குக் கீழ்நோக்கிய அழுத்தமும் திடீர்த் திருப்பும் ஒரே கணத்தில் வேண்டும், இந்த இரண்டையும் கையால் சேர்த்துக் கொடுப்பது கடினம். முழுச் சுற்றுக்கு 30 அடி என்று கணக்குப் போட வேண்டாம். முதல் இரண்டு மூன்று அடியில் அரிப்பின் பிடி உடைந்துவிட்டால் மீதியைக் கையாலேயே திருப்பலாம்.

பயன்படுத்தும் முறையில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்தால் அடியின் திருப்பு கைப்பிடிக்கே போய்விடும், தண்டு நகராது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, இடப்பக்கமாகச் சற்றே முறுக்கிய நிலையில் வைத்து, 300 முதல் 450 கிராம் எடையுள்ள சுத்தியலால் நேராக ஒரு அடி. சாய்ந்து அடித்தால் நுனி ஓரம் ஏறும். அடிப்பதற்கு முன் காடிக்குள் இருக்கும் பழைய அழுக்கையும் பெயின்டையும் ஊசி முனையால் கிளறி எடுத்தே ஆக வேண்டும். அரை மில்லிமீட்டர் அழுக்கு அடியில் இருந்தால் எந்த நல்ல திருப்புளியும் பிலிப்ஸ் போலத்தான் நடந்துகொள்ளும். காடி ஏற்கெனவே கொஞ்சம் தேய்ந்திருந்தால் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைத் துளி வைத்து உட்காரவைத்தால் பிடிப்பு கூடும். வேலை முடிந்ததும் அந்தப் பேஸ்ட்டை முழுதாகத் துடைத்துவிடுங்கள். எஞ்சினுக்குள் போனால் பேரிங்கைத் தேய்த்துவிடும்.

பத்து அடிக்கு மேல் அசையவில்லை என்றால் நிறுத்துங்கள். அதற்குப் பிறகு அடிப்பதால் கெடுவது ஸ்க்ரூதான். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, ஹாட் ஏர் கன்னால் கவரைச் சுற்றிச் சூடாக்குங்கள். எஃகைவிட அலுமினியம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும் என்பதால் துளை ஸ்க்ரூவைவிட அதிகம் திறக்கும். கை வைக்க முடியாத சூடு போதும், 120 பாகை செல்சியஸுக்கு மேல் தேவையில்லை. ஊறவிட்ட எண்ணெய் எரியக்கூடியது என்பதால் சூடாக்குமுன் துடைத்துவிடுங்கள், பெட்ரோல் டேங்க்கை வண்டியிலிருந்து கழற்றி அப்பால் வையுங்கள். மேலே உள்ள தெளிந்த வார்னிஷ் பூச்சும் கவனிக்க வேண்டியது, அதிகச் சூட்டில் அது மஞ்சளாகிவிடும். முன்மாதிரி வண்டியில் எந்தப் பாகம் எந்த உலோகக் கலவையால் ஆனது என்று உறுதியாகத் தெரியாதபோது நேரடித் தீச்சுடரை அருகில் கொண்டுவரவே கூடாது. மெக்னீசியக் கலவையாக இருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

இத்தனைக்கும் அசையாத ஸ்க்ரூவுக்குக் கடைசி வழி, தலையை மட்டும் துளைத்து எடுப்பது. நடுவில் 3 மி.மீ. வழித்துளை போட்டு, பிறகு 6 மி.மீ. பிட்டால் தலை உதிரும் வரை மட்டும் போக வேண்டும். தலை போனதும் கவர் தளர்ந்து வெளியே வந்துவிடும், உள்ளே நிற்கும் மீதித் தண்டு கவரின் தடிப்பு அளவுக்குத் துருத்திக்கொண்டிருக்கும். அதைப் பூட்டுக் குறட்டால் பிடித்து, சூடாக்கி எடுக்கலாம். மரை போயிருந்தால் எம்6 × 1.0 ஹெலிகாயிலுக்கு (புது மரையாக உள்ளே ஏற்றும் கம்பிச் சுருள்) 6.3 மி.மீ. துளை. மூல ஸ்க்ரூ இழக்கப்பட்ட இடத்தைக் குறித்து வையுங்கள், பின்னாளில் வண்டியை ஆராய்பவருக்கு அது தெரிய வேண்டும்.

குறைகளும் உண்டு. இம்பாக்டா கழற்றும் திசையில் மட்டுமே வேலை செய்யும். இறுக்குவதற்குச் சாதாரணத் திருப்புளிபோலப் பயன்படுத்தலாம் என்றாலும், அடிக்காத ஒரு ஜேஐஎஸ் நுனியைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. கைப்பிடி தடிமனானது. ஃபிரேமில் இருக்கும் எஞ்சினின் பின்பக்கத்திலோ, நான்கு கார்புரேட்டரும் வரிசையாக இருக்கும் இடத்திலோ நுழையாது. அங்கே சுத்தியல் வீசவும் இடம் இருக்காது. மின் காப்பு கிடையாது.

கார்புரேட்டரில் இதைப் பயன்படுத்துவதில் எச்சரிக்கை தேவை. சிபி750-இன் 28 மி.மீ. கெய்ஹின் கார்புரேட்டர் உடல் மென்மையான கலவை, வேகமான அடியில் விரிசல் விடும். நல்லவேளை, ஆரம்ப மாடல்களில் மிதவைக் கிண்ணத்தைக் கம்பிக் கிளிப் பிடித்திருப்பதால் அங்கே ஸ்க்ரூவே இல்லை. மேல்மூடியை எடுக்க உடலை மரக்கட்டையின் மேல் அமர்த்தி, மென்மையாக இரண்டு அடி மட்டும். உள்ளே உள்ள பித்தளை ஜெட்டுகளுக்கு ஸ்டார் நுனி எதுவும் வேண்டாம், காடியின் அகலம் முழுக்க நிரப்பும் தட்டை நுனிதான் சரி.

பெரிய அடி வகை இம்பாக்ட் டிரைவரோடு ஒப்பிடாமல் விட முடியாது. அரை அங்குலச் சதுரத் தலையுடைய அந்தக் கருவிக்குத் திருப்பு விசை அதிகம், இரண்டு திசையும் உண்டு. எம்8-க்கு மேல் அதுதான் சரி. ஆனால் எடை கூட, அடியின் அதிர்ச்சி நேராக வார்ப்புக்குள் போகும், பெட்டியோடு வரும் பிட்டுகள் பெரும்பாலும் பிலிப்ஸ். ஜேஐஎஸ் பிட் தனியாக வாங்கி மாட்டினால்தான் அதற்கும் அர்த்தம். எம்5, எம்6 அளவுக்குள் இம்பாக்டாவே மேல். நுனியின் நிலை கையில் தெரிகிறது, எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் தெரிகிறது.

இன்னொரு விஷயம், இதை வாங்குபவர்கள் பலர் கவனிக்காதது: ஜப்பானிய ஸ்க்ரூத் தலையில் காணும் சிறிய குழிப்புள்ளி. அதைக் காடியின் வடிவத்துக்கான அடையாளம் என்று பலர் எழுதுகிறார்கள். அது முதலில் வந்தது மரையைச் சொல்ல. 1960-களின் நடுவில் ஜப்பான் பழைய மரைக் கணக்கிலிருந்து ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர) மரைக்கு மாறியபோது, புது மரை என்று காட்ட அந்தப் புள்ளி வைக்கப்பட்டது. பழைய கணக்கில் எம்3-க்கு மரை இடைவெளி 0.6, எம்4-க்கு 0.75, எம்5-க்கு 0.9 மி.மீ. ஐஎஸ்ஓவில் முறையே 0.5, 0.7, 0.8. எம்6-இல் இரண்டும் 1.0 தான். புள்ளியில்லாத பழைய எம்5 ஸ்க்ரூ இருந்த துளையில் இன்றைய எம்5-ஐ ஏற்றினால் இரண்டு சுற்று போய் இறுகும். அங்கே விசை கொடுத்தால் மரை போச்சு. அதனால் கழற்றிய ஸ்க்ரூவில் புள்ளி உண்டா இல்லையா என்று பார்த்து, மரை அளவுத் தகடால் அளந்து எழுதி வையுங்கள்.

கழற்றிய ஸ்க்ரூக்களை வைக்க அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, துளை இருக்கும் இடத்தில் அந்தந்த ஸ்க்ரூவைக் குத்தி வைக்கும் பழைய வழிதான் சிறந்தது. ஒரே கவரில் இரண்டு மூன்று நீளம் வரும், நீளமானதைத் தவறான துளையில் ஏற்றினால் கிராங்க்கேஸின் அடி உடையும். கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், குறியும் பூச்சும் போய்விடும். வெந்நீர், சோப்பு, மென்மையான பிரஷ் போதும். திரும்பப் பூட்டும்போது மரையில் செப்பு கலந்த ஒட்டாத பேஸ்ட்டை மெல்லியதாகப் பூசி, எம்6 ஸ்க்ரூவுக்கு சுமார் 9, எம்5-க்கு சுமார் 4 நியூட்டன் மீட்டர். பேஸ்ட் பூசியிருந்தால் சற்றுக் குறைத்தே வையுங்கள், வழவழப்பில் உண்மையான இறுக்கம் கூடிவிடும்.

ஆர்எக்ஸ்100, ராஜ்தூத் 350, ஓசூரில் செய்த இண்ட்-சுசுகி வைத்திருப்பவர்களுக்கும் இதே திருப்புளி உதவும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகள் அவை, பக்கவாட்டுக் கவரில் அதே காடிகளைப் பார்க்கலாம்.

நுனியின் நான்கு முனைகளும் கூராக இருக்கும் வரைதான் இந்தத் திருப்புளிக்கு மதிப்பு. விளிம்பு வட்டமாகத் தேய்ந்தது தெரிந்ததும் அதைச் சாணையில் வைத்துச் சரிசெய்யாமல், முரட்டு வேலைக்கு ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குங்கள். முன்மாதிரி வண்டியின் பெட்டியில் இரண்டு பி3 வைத்திருந்தால் அதிகமில்லை.