லோடு ஆப், இ-வே பில், அண்ணாச்சி: நாலு வருட அனுபவம்

குலசேகரத்தில் சொந்தமாக ஒரு பதினேழு அடி வண்டி ஓட்டுகிறேன். ரப்பர் ஷீட்தான் முக்கிய லோடு. எர்ணாகுளம் பக்கம் இறக்குவேன். போகும்போது ஆப் தேவையில்லை, ஷீட் கடைக்காரர்களே கூப்பிடுவார்கள். காலி வண்டியாகத் திரும்பக் கூடாது என்றுதான் லோடு பிடிக்கும் ஆப் ஒன்றைப் போட்டேன். பெயர் வேண்டாம்.

முதல் வருடம் வெறுத்தே போனது. நாகர்கோவில் என்று தேடினால் ஒன்றும் வராது. திருவனந்தபுரம் என்று போட்டால் வரிசையாக வரும். விசாரித்தால் பாதிச் சரக்கு மார்த்தாண்டத்தில் இறங்குவது! கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஊர் இருப்பதே ஆப்புக்குத் தெரியாது போல. ஒரே லோடை நாலு புரோக்கர் போட்டிருப்பார்கள், வாடகை மட்டும் நாலு விதம். போன் செய்தால் "லோடு போயி சேட்டா."

உண்மையில் உதவியது இ-வே பில் தளம்தான். சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டுதான் இ-வே பில். மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 2018 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். ஷீட் அரை டன் ஏற்றினாலே அந்தத் தொகை வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றிங்கல் தாண்டி கிளச் போய்விட்டது. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றியாயிற்று, பில்லில் வண்டி நம்பரை மாற்ற வேண்டுமே? சரக்கு ஏற்றுகிறவருக்கான டிரான்ஸ்போர்ட்டர் ஐடி எதுவும் பில்லில் போடாததால், பில் போட்ட கடைக்காரர்தான் மாற்ற முடியும். அவர் போனை அணைத்துவிட்டு சர்ச்சில் இருந்தார். இரண்டு மணி நேரம் ரோட்டோரம் நின்றோம். அப்புறம் எனக்கென்று 15 இலக்க ஐடி எடுத்தேன். இப்போது பில் போடும்போதே அதைச் சேர்க்கச் சொல்லிவிடுவேன். வண்டி மாறினால் நானே மாற்றிக்கொள்வேன். பில் செல்லுபடியாவது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு என்பதால் எர்ணாகுளத்துக்கு இரண்டு நாள் கிடைக்கும், போதும்.

பணம்தான் ஆப்பில் தீராத தலைவலி. ஒரு தடவை குடோன் வாசலில் ஒன்றரை நாள் நின்றேன். அப்படிக் காத்து நின்றதற்கான ஹால்டிங் காசு ஒரு பைசா வரவில்லை, பாக்கி வாடகை வர 23 நாள். நாகர்கோவில் லாரி ஆபீஸ் அண்ணாச்சி கமிஷன் பிடிப்பார்தான், ஆனால் இறக்கிய ரசீதைக் காட்டினால் அன்று சாயங்காலமே பாக்கி கையில். அதனால் அவரை விடவில்லை. மழை பிடித்து ரப்பர் பால்வெட்டு நிற்கிற மாதங்களில் அரிசி, சிமென்ட் என்று எதையாவது தருவதும் அவர்தான்.

போன வாரம் அவரே கேட்டார்: "மக்கா, அந்த ஆப்ப எனக்கும் போட்டுத் தா." போட்டுக் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால், வடசேரி லோடு ஒன்று ஐந்து பேரில் கிடக்கிறது. ஐந்தாவது ஆள் அண்ணாச்சி.